மாடி ஏறாத வீட்டுக்காரர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான், வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் கையோடு சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தால் கண்டக்டர் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வருஷங்கள் ஆனாலும் தெருவில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினார். கீழே அவரும் மனைவியும் குடியேறினார்கள். மேல் வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவு. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க அந்த வாடகை போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரிதான். கணக்குப் போட்ட மனுஷன்தான் சரியில்லை.

அதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷம் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர் அவர். ஒன்பது வீடு, ஒன்பது வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் மகள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். சுவரில் ஆணி அடித்துவிடுவார்களோ என்று நினைத்த நேரமெல்லாம் மாடி ஏறிவந்து சுவரைத் தடவிப் பார்த்தவர் ஆணி ஐயா. அவர் வீட்டில் இருந்தவரைக்கும் கண்டக்டரின் கல்யாணப் போட்டோ பீரோவின் மேல் சாய்ந்தபடியேதான் நின்றது. தண்ணீரை வாளி வாளியாக எண்ணி விட்டவள் வாளி அம்மா. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வந்தார், எப்போது போனார், பைக்குள் என்ன என்று விசாரணை நடத்தியவர் நாற்காலி மாமா. அவர் காலமான பிறகும் நாற்காலி அங்கேயே கிடந்தது. வெறும் நாற்காலியைப் பார்த்தே மகள் பையை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறு ஒன்றும் வருகிறது. வாளி அம்மா வீட்டில்தான் மகள் முதன்முதலில் நடந்தாள். ஒரே அறை. அடுப்பு, படுக்கை, துணிக்கொடி எல்லாம் கையெட்டும் தூரத்தில். கண்டக்டர் வேலை முடிந்து வந்து தோல் பையைக் கழற்றி வைத்தால், குழந்தை அதைக் கவிழ்த்து மிச்சமிருந்த டிக்கெட் கட்டுகளை மடியில் அடுக்கிக்கொள்வாள். மனைவி அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே, “எனக்கு ஒரு டிக்கெட் கொடுடி, உங்க அப்பாவை விட்டுட்டு எங்கேயாவது போறேன்” என்பாள். தண்ணீர் இல்லாத அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் பிறகு குழாயைத் திறந்தால் கொட்டுகிற எந்த வீட்டிலும் இருக்கவில்லை. மகளின் நினைவு வரும்போதெல்லாம் கண்டக்டருக்கு அந்த ஒற்றை அறைதான் முதலில் வரும்.

ஆனாலும் பட்டது பட்டதுதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. சொந்த வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

“இந்தா, ஒண்ணு மட்டும் கேட்டுக்க. மேல குடி வர்றவங்களுக்கு வீட்டுக்காரன்னு ஒருத்தன் இருக்கிறதே தெரியக் கூடாது.”

“அப்ப வாடகையை யார்கிட்ட கொடுப்பாங்க? போஸ்ட் பெட்டியிலயா?” என்றாள் மனைவி.

குடித்தனக்காரர்களைத் தேடித் தர ஒரு தரகர் வந்தார். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி கலகலவென்று தொங்குவதால் அவரை எல்லோரும் சாவி என்றே கூப்பிட்டார்கள். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர்.

“சார், நீங்க இந்த வேலைக்குப் புதுசு. நாலு வார்த்தை சொல்றேன், காதுல போட்டுக்குங்க. வர்றவங்க இப்ப இருக்கிற வீட்டை ஏன் விடறாங்கன்னு கேளுங்க. முடிஞ்சா அந்த வீட்டையே போய்ப் பாருங்க, அடுப்பு மேடையைப் பார்த்தாலே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். சாவி கொடுக்கிற அன்னைக்கு அவங்களோட ரூம் ரூமா நடந்து எது நல்லாயிருக்கு, எது உடைஞ்சிருக்குன்னு சேர்ந்து பாருங்க. எது உங்க செலவு, எது அவங்க செலவுன்னு எழுதிடுங்க. அப்புறம் வாடகை மொத்தமும் உங்க பணம்னு நினைச்சுடாதீங்க. அதுல ஒரு பங்கு வீட்டோடது. நீங்களா கொடுக்கலைன்னா வீடே பிடுங்கிக்கும்.”

“சரி, சரி.”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை முன்னாடியே சொல்லிட்டு, மேல போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடுங்க.”

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மேல போறதா? அந்தப் பேச்சே வேணாம். ஆணி ஐயா ஏறி வந்ததெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் படியில என் கால் படாது.”

“யார் சார் அந்த ஆணி ஐயா?”

“உங்களுக்கு எதுக்கு? நல்ல ஆளா கூட்டிட்டு வாங்க, போதும்.”

சாவி நல்ல ஆட்களைத்தான் கூட்டிவந்தார். ஒரு நர்ஸ். பெரிய ஹோட்டலில் சமைக்கிற அவள் கணவன், அவனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, வீட்டில் குட்டி. முதல் நாள் கண்டக்டர் கீழே நின்றபடியே வீட்டுச் சாவியைக் கொடுத்தார். ரூம் ரூமாக நடப்பதெல்லாம் இல்லை. “உங்க வீடும்மா இது. ஆணி அடிங்க, சுவரை இடிங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்” என்றார். நர்ஸ் கொஞ்சம் பயந்த மாதிரிதான் சிரித்தாள். அவருக்கு அது நன்றியாகத் தெரிந்தது.

குட்டி வந்த மறுநாளிலிருந்து கீழ் வீட்டின் கூரைக்கு உயிர் வந்துவிட்டது. விடிந்ததும் தடதடவென்று ஒரு ஓட்டம். நடுவில் தொப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அழுகை. மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பாள். “விழுந்துட்டா. இல்ல, இல்ல, எழுந்துட்டா” என்று கண்டக்டருக்குச் செய்தி வாசிப்பாள். மகள் போன பிறகு அந்த அம்மாள் வாய்விட்டுப் பேசியதே குறைவு. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் மேல் வீட்டுப் பேச்சுதான். இன்றைக்கு நர்ஸுக்கு நைட் டியூட்டி போல, செருப்புச் சத்தம் சாயங்காலம் கேட்டது. மாஸ்டருக்கு லீவு போல, குழந்தை இத்தனை சிரிக்கிறாள். கண்டக்டர் கேட்டுக்கொள்ளாதவர் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். இந்தக் குடும்பம் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த வயதில் இருவருக்கும் இருந்த ஆசை. வாடகையைவிட அந்த ஓட்டச் சத்தம் அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது.

போகாமல் இருக்க என்ன செய்வது? கண்டக்டருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தான் இல்லாத மாதிரி இருப்பது. ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டார். நர்ஸ் படியிறங்கும் சத்தம் கேட்டால், வாசலில் இருப்பவர் எழுந்து உள்ளே போய்விடுவார். நாற்காலி மாமா மாதிரி ஆள் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாதாம். மனைவி ஒரு தடவை குட்டிக்குப் பிஸ்கட் கொடுக்க மேலே போகிறேன் என்று கிளம்பினாள். “இன்னைக்குப் பிஸ்கட்டும்ப, நாளைக்கு அடுப்படியை எட்டிப் பார்ப்ப. வேணாம்” என்று தடுத்துவிட்டார். சொந்த வீட்டில் திருடனைப் போலக் கால் விரலில் நடந்த ஒரே வீட்டுக்காரர் அவராகத்தான் இருக்கும்.

ஒரு நாள் நர்ஸ் வாடகை கொடுக்க வந்தவள் தயங்கி நின்றாள்.

“சார், பாத்ரூம் குழாய் கொஞ்சம் ஒழுகுது.”

“அது உங்க வீடும்மா. உங்க இஷ்டம் போல என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. என்னைக் கேக்கவே வேணாம்.”

அன்று சாயங்காலம் அவருக்கு ஒரே பெருமை. “குழாயை மாத்தணும்னு வாளி அம்மாகிட்ட நாம எத்தனை நாள் கெஞ்சியிருப்போம், ஞாபகம் இருக்கா? நான் பாரு, ஒரே வார்த்தை, உங்க இஷ்டம்னுட்டேன்” என்று மனைவியிடம் சொன்னார். மனைவி ஏதோ சொல்ல வந்து, மேலே ஓட்டம் ஆரம்பித்துவிட்டதால் கூரையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஜன்னல் கொக்கி உடைந்தது என்று வந்தாள். அதே பதில். மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் நர்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் குடையோடு வெகு நேரம் நின்றாள். ஆட்டோவுக்குக் காத்திருக்கிறாள் போல என்று கண்டக்டர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவள் நின்றது அவரிடம் பேசத்தான். மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸும் மாஸ்டரும் சேர்ந்து இறங்கி வந்தார்கள். இருவரும் நல்ல உடுப்பில் இருந்தார்கள், நிற்பதில் ஒரு விறைப்பு இருந்தது.

“சார், வேற ஒரு வீடு பார்த்திருக்கோம். மாசக் கடைசியில காலி பண்ணலாம்னு இருக்கோம்” என்றான் மாஸ்டர்.

ஏன், எதனால், எங்களிடம் என்ன குறை என்று கண்டக்டருக்குக் கேள்விகள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் எத்தனை வீட்டுக்காரர்கள் அவரை அப்படிக் குறுக்குவிசாரணை செய்திருக்கிறார்கள். காலி பண்ணுகிறேன் என்று சொல்லப் போன ஒவ்வொரு தடவையும் கைகட்டி நின்று காரணம் சொல்லியிருக்கிறார். அந்த அவமானத்தை இவர்களுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

“உங்க இஷ்டம்மா” என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் படியேறும் சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி. “ஏன்னு கேட்டீங்களா?”

“கேக்கறது அதிகாரம்.”

“அதிகாரமாம் அதிகாரம்! பெத்த பொண்ணு கல்யாணமாகி வேற ஊருக்குப் போனப்பவும் இப்படித்தான் உங்க இஷ்டம்னு நின்னீங்க. அந்தப் பிள்ளை கால் சத்தம் இல்லாம இந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?” என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்டக்டர் குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

விஷயம் எப்படியோ சாவியின் காதுக்குப் போய்விட்டது. இந்த ஊரில் ஒரு வீடு காலியாவது அதன் சுவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாளே கலகலத்துக்கொண்டு வந்து நின்றார்.

“எதுக்குப் போறாங்க சார்?”

“தெரியாது.”

“தெரியாதா! நல்ல பார்ட்டி சார். முதல் தேதி தவறாம வாடகை, ஒரு சண்டை சச்சரவு கிடையாது. ஒருத்தர் போறார்னா ஏன்னு கேக்கணும் சார். அது தெரியாம அடுத்தவரைக் குடி வச்சா அவரும் அதே காரணத்துக்குத்தான் போவார். வாங்க, சொல்லிட்டு மேல போவோம்.”

மனைவி படிக்கட்டு அடியில் நின்று, “நாங்க மேல வரலாமாம்மா?” என்று குரல் கொடுத்தாள். வாங்க என்று பதில் வந்தது. கண்டக்டர் முதன்முதலாக அந்தப் படியில் கால் வைத்தார். முன்னால் சாவி, பின்னால் தப்பி ஓடாதபடிக்கு மனைவி.

கதவைத் திறந்தது குட்டி. அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள்.

“அம்மா! வராத தாத்தா வந்துட்டாரு!”

உள்ளேயிருந்து ஓடிவந்த நர்ஸ் குழந்தையின் வாயைப் பொத்தினாள். சாவி சிரித்துவிட்டார். கண்டக்டர் சிரிக்கவில்லை. ஆணி ஐயா, வாளி அம்மா, நாற்காலி மாமா வரிசையில் தனக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அறைக்குள் போனார்கள். குழந்தையின் கட்டிலுக்கு மேலே கூரை கறுத்து ஊறிப்போயிருந்தது. கட்டிலை மறைத்து ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வழிகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. ஜன்னல் கொக்கிக்குப் பதில் கயிறு. பாத்ரூம் குழாயில் ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுகிற மாதிரி நேர்த்தியாகத் துணிக்கட்டு. மொட்டை மாடி வெடித்து எத்தனை மாதமாகியிருக்கும்? மேல் வீட்டு வழியாகத்தான் அதற்குப் படி. அவர்தான் ஏறவே இல்லையே.

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார்.

“சொன்னோமே சார். ரெண்டு தடவை சொன்னோம். உங்க வீடு, நீங்களே பார்த்துக்குங்கன்னுட்டீங்க” என்றாள் நர்ஸ். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, அதுதான் இன்னும் சுட்டது. “குழாய் நாங்க மாத்திடலாம் சார். கூரையை நாங்க எப்படி மாத்தறது? எங்களைப் பார்த்தாலே நீங்க உள்ள எழுந்து போயிடறீங்க. பிள்ளை ஓடற சத்தம் பிடிக்கலையோன்னு நினைச்சோம். ஓடாதே, ஓடாதேன்னு தினமும் அடக்கறேன்.”

“அய்யோ, ஓடட்டும்மா!” என்று மனைவி அலறிவிட்டாள்.

கண்டக்டர் குழந்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது. முப்பது வருஷம் வீட்டுக்காரர்களின் கையில் பட்டவர், இத்தனை நாளும் இவர்களுக்கு விடுதலை கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். கொடுத்ததெல்லாம் ஓட்டைக் கூரை. சாவி கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கொத்தனார் வந்தார், பிளம்பர் வந்தார். மொட்டை மாடியைக் கொத்திப் பூசினார்கள். புதுக் குழாய், புதுக் கொக்கி, அறைக்கு வெள்ளை. கண்டக்டர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் சுமந்தார். சாவியும் தினமும் வந்து மேற்பார்வை பார்த்தார். அவருக்கு ஒரு வீடு செப்பனிடப்படுவதைப் பார்ப்பதில் சினிமா பார்க்கிற சந்தோஷம். கண்டக்டர் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் குட்டி கூடவே ஏறி இறங்கினாள். அவள் கை அவர் விரலைப் பிடித்திருந்தது. மகளின் கையும் இதே கனம்தான் இருக்கும், படிகள் மட்டும் வேறு வீட்டுப் படிகள். இதைவிட நல்ல நாட்கள் அந்த வீட்டில் அவருக்கு வாய்த்ததில்லை.

“இப்பவாவது இருந்துடுங்கன்னு கேளுங்க” என்றாள் மனைவி.

“கூரையைச் சரி பண்ணிட்டு உடனே போய்க் கேட்டா, லஞ்சம் கொடுத்துட்டுக் கேக்கற மாதிரி இருக்கும். அவங்களுக்கே தெரியும். இருக்கணும்னா இருப்பாங்க.”

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

“வற்புறுத்தக் கூடாது.”

சரி, நானே கேட்கிறேன் என்று மனைவி கிளம்பினாள். வீடு உங்க பேர்ல இருக்கு, நீங்க கேட்டா ஆச்சு, நான் கேட்டா கிழவி கெஞ்சறான்னு ஆகும் என்று பாதி வழியில் திரும்பிவிட்டாள். மாதம் இப்படியே முடிந்தது.

கடைசி நாள் காலையில் வேன் வந்து நின்றது. கட்டில் இறங்கியது, அலமாரி இறங்கியது, மாஸ்டரின் பெரிய பாத்திரங்கள் இறங்கின. கண்டக்டர் அட்வான்ஸ் பணத்தைக் கவரில் போட்டு, பிடித்தம் எதுவும் இல்லாமல் நர்ஸின் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். மாஸ்டர் குழந்தையோடு முன் சீட்டில் ஏறிவிட்டான்.

வீட்டுச் சாவி உள்ளங்கையில் பட்டதும் கண்டக்டருக்குப் பழைய காட்சிகள் வரிசையாக வந்தன. ஒன்பது வீடுகளைக் காலி செய்திருக்கிறார். ஒன்பது தடவையும் யாராவது ஒருவர் சுவரைப் பார்த்தார், பல்பை எண்ணினார், சாவியை வாங்கிக்கொண்டார். மனைவி ஒவ்வொரு வாசலிலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், போகாதீங்க என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அது வற்புறுத்தலாகவா இருந்திருக்கும்?

“போகாதீங்கம்மா” என்றார்.

நர்ஸ் நின்றுவிட்டாள்.

“இருந்துடுங்க. நீங்க போறது எங்களுக்குப் பிடிக்கலை. அன்னைக்கே பிடிக்கலை.”

அவள் அவரையே பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல உடைந்தது. “அன்னைக்கு நீங்க ஏன்னு கேப்பீங்கன்னு படியில நின்னுட்டிருந்தோம் சார். அப்பகூட அந்த வீட்டுக்கு நாங்க அட்வான்ஸ் கொடுக்கலை.”

“பிறகு?”

“அடுத்த நாள் தரகரைக் கூட்டிட்டு மேல வந்தீங்க. கொத்தனார் வந்தார், பிளம்பர் வந்தார், வெள்ளையடிச்சீங்க. தரகர் தினமும் வந்து பார்த்துட்டுப் போனார். அடுத்து வர்றவங்களுக்காகத்தான் எல்லாம் நடக்குதுன்னு நினைச்சோம். அதுக்கப்புறம்தான் அங்க போய்ப் பணத்தைக் கட்டினோம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவங்களும் பழைய ஆளைக் காலி பண்ண வச்சு எங்களுக்காகக் காத்திட்டிருக்காங்க. இப்ப எப்படிப்பா மாறிப் பேசறது?”

அத்தனை மாதங்களில் அவள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

கண்டக்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும். இதையும் விட்டுவிட்டால் பிறகு சொல்ல ஆள் இருக்காது.

“நீ வாக்குக் கொடுத்துட்ட, போம்மா. ஆனா ஒண்ணு. அங்க ஏதாவது ஒழுகினா முதல் நாளே சொல்லு. சொன்னா கோவிச்சுப்பாங்களோன்னு நினைக்காத. ரெண்டாம் தடவை சொல்லு, மூணாம் தடவை கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டு. அழுற பிள்ளைக்குத்தான் பால். பிள்ளையை ஓட விடு. யாராவது சத்தம்னு சொன்னா என்கிட்ட வந்து சொல்லு, நான் வந்து அவங்ககிட்ட பேசறேன்.”

“சரிப்பா” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. வேனில் ஏறிக்கொண்டாள்.

வேன் தெருமுனை திரும்பும்வரை கண்டக்டரும் மனைவியும் கேட்டருகே நின்றார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் கண்டக்டர் கையைத் தூக்கி, மெதுவா, மெதுவா, மேல இருக்கிறவங்களுக்குக் கேக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.